யாகப்பர் வாசித்தால் மண்டபம் காலி

கண்டியில் ப்ளூஸ் வாசிக்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால் கண்டிக்காரர்களே நம்பமாட்டார்கள். இத்தனைக்கும் அவர்களில் பாதிப் பேராவது அவர் வாசித்துக் கேட்டவர்கள்தான். கேட்டுக்கொண்டே கைப்பையை எடுத்து, மேசைக்கடியில் கிடக்கும் பிள்ளையின் சப்பாத்தைத் தேடி மாட்டிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தவர்கள். அவர்களுக்கு யாகப்பரின் முகம் நினைவிருக்காது. யாகப்பருக்கு அவர்களுடைய முதுகுகள் நன்றாக நினைவிருக்கும்.

யாகப்பருக்கு அறுபது தாண்டிவிட்டது. வீடு கெலிஓயாவில். கிழமை நாட்களில் அங்கேயே ஒரு மரஆலையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வார். சனி, ஞாயிறுகளில் கோட்டு மாட்டிக்கொண்டு கலியாண வீடுகளில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். பிழைப்புக்கு வாசித்தது பைலா, கலியாண வீட்டையே எழுப்பி ஆடவைக்கும் துள்ளல் பாட்டு. மனசுக்கு வாசித்தது ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்திக் காட்டுக் கூலிகளின் பிள்ளைகள் உண்டாக்கிய இசை அது. மெதுவாக நடக்கும். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். கம்பியை விரலால் தள்ளி வளைத்தால் கிட்டார் அழும். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாகப்பருக்கு அதில் விளங்காதது என்று எதுவுமில்லை.

விளங்காமல் போனது ஆரம்பத்தில் ஒன்றே ஒன்றுதான். அது ப்ளூஸ் என்பது அவருக்குத் தெரியாது.

தோட்டத்துக் கோயிலில் பாட்டு டீச்சர் ஒருவர் இருந்தார். வாலிபன் யாகப்பருக்கு அவர் ஒரு கசெட்டைக் கொடுத்து, "இதுல கிறிஸ்மஸ் பாட்டு இருக்கு, கிட்டார்ல படிச்சுட்டு வா" என்றார். யாரோ பாவித்த பழைய கசெட். ஒரு பக்கத்தில் மட்டும் டீச்சர் பாட்டுகளைப் பதிந்திருந்தார். மறுபக்கத்தில் முன்பிருந்ததே இருந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தொண்டை கரகரக்க முனகினார். பின்னால் ஒரு கிட்டார் விம்மி விம்மி அழுதது. யாகப்பர் யோசித்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஆண்டவருடைய பிறப்பு. அப்படியானால் மறுபக்கம் அவருடைய பாடுகளாகத்தானே இருக்கவேண்டும்? தவக்காலப் பாட்டு என்று முடிவுகட்டி, ஒரு சுரம் விடாமல் பாடமாக்கினார்.

அந்தத் தவக்காலம் முழுக்கச் சிலுவைப்பாதைக்கு அதைத்தான் வாசித்தார். நின்று ஜெபம் சொல்லும் ஒவ்வொரு ஸ்தலத்திலும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கங்காணிமார்கூட மூக்கை உறிஞ்சினார்கள். தோட்டத்தில் அப்படி ஒரு பக்தி அதற்குமுன் இருந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். மறுவருஷம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த புதிய சாமியார் ஒருவர் பங்குக்கு வந்தார். மூன்றாம் ஸ்தலம்வரை பொறுத்துப் பார்த்தவர், சிலுவைப்பாதை முடிந்ததும் யாகப்பரைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, இது என்ன பாட்டு?"

"தவக்காலப் பாட்டுங்க சாமி. இங்கிலீஸ்."

"தம்பி, இது அமெரிக்காவுல சாராயக் கடையில வாசிக்கிறது."

"அவங்க தவக்காலத்துலயும் கடையத் தொறப்பாங்களா சாமி?"

கோயிலில் கிட்டார் வாசிக்கும் வாய்ப்பு அத்தோடு போய்விட்டது. தான் வாசித்ததற்கு ப்ளூஸ் என்று பெயர் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. யாகப்பர் கண்டிக்கு வந்தார். கட்டாருக்கு வேலைக்குப் போகவிருந்த ஹோட்டல் வாத்தியக்காரர் ஒருவர் விட்டுப்போன சிவப்பு நிற எலெக்ட்ரிக் கிட்டார் அவர் கைக்கு வந்தது. 'ஹந்தானை வேவ்ஸ்' என்ற பேண்டில் சேர்ந்தார். ஹந்தானை மலையில் ஏது அலை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது பைலா. மாப்பிள்ளையின் நண்பர்கள் டையைத் தலையில் கட்டிக்கொண்டு கேட்டார்கள். கோட்டுப் போட்ட மாமாமார் கேட்டார்கள். இடையில் எப்போதாவது யாகப்பர் ஒரு கம்பியை ஆசையோடு வளைத்துவிட்டால், யாராவது ஒருவர் மேடைக்கு வந்து காதோடு சொல்லுவார்: "அண்ணே, ஒங்க கிட்டாருக்கு சுருதி எறங்கிப் போச்சு போல."

ஆனாலும் வீட்டில் இருக்கும்போது அவர் தனக்கென்று ஒரு உருப்படி செய்துகொண்டே இருந்தார். கசெட்டில் கேட்டது அல்ல, அவருடையது. மரஆலையில் பெரிய வாள் மரத்துக்குள் இறங்கும்போது வரும் முனகலும் அதில் இருந்தது, தெல்தோட்டை மழையும் இருந்தது. பெயர் வைக்கவில்லை. அவர் மனைவி தெரேசா அதற்கு 'அந்த அழுகை' என்று பெயர் வைத்திருந்தாள். "அந்த அழுகைய நிப்பாட்டிட்டு வந்து தேங்காயத் துருவிக் குடுங்க" என்று குசினியிலிருந்து குரல் வரும். அவரும் நிறுத்திவிட்டுப் போவார்.

அந்த உருப்படியை யாகப்பர் முதன்முதலாக வெளியில் வாசித்தது பேராதனையில், ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்றில் நடந்த கலியாணத்தில். பேண்டில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடையில் யாகப்பர் தனியே இருந்தார். விருந்தினர்களும் சாப்பாட்டில் இருந்தார்கள். இப்போது வாசித்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற துணிச்சலில் தொடங்கினார்.

இங்கே கலியாணங்களில் கடைசியாக மணமக்கள் விடைபெற்றுப் போவது ஒரு சடங்கு. 'கோயிங் அவே' என்பார்கள். மணமகள் உடுப்பு மாற்றி வருவாள், பேண்ட் மெதுவான, மனம் கனக்கும் பாட்டொன்றை வாசிக்கும், தாய் அழுவாள், எல்லோரும் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுத் தாங்களும் கிளம்புவார்கள். யாகப்பரின் கிட்டார் மெதுவாகவும் மனம் கனக்கவும் அழத் தொடங்கியதும், முன்வரிசையில் இருந்த ஒரு மாமி கோழிக் காலைக் கீழே வைத்தாள். "ஐயோ, அதுக்குள்ள கோயிங் அவேயா?" என்று எழுந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்து மேசை எழுந்தது. மேசையைப் பார்த்து மண்டபம் எழுந்தது. மணமகளின் தாய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளைத் தோழன் காரைக் கொண்டுவர ஓடினான். உடுப்பும் மாற்றாத, சோறும் உண்ணாத மணமக்களைக் காருக்குள் தள்ளிக் கலர்க் கடதாசி தூவிக் கையசைத்து அனுப்பிவைத்தார்கள். கார் கெட்டம்பே சந்தியைத் தாண்டிய பிறகுதான் மாப்பிள்ளை, "நாங்க ஏன் போறோம்?" என்று கேட்டாராம்.

இனித் தன்னை எந்தக் கலியாணத்துக்கும் கூப்பிடமாட்டார்கள் என்று யாகப்பர் மேடையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது, ஹோட்டல் மனேஜர் ஹாஷிம் ஓடிவந்தார். அலவத்துகொடக்காரர். தன்னைவிட மூத்தவர்களை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். எப்போதும் வியர்த்துக்கொண்டிருப்பார். காலியான மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கண் கலங்க யாகப்பரின் கையைப் பிடித்தார்.

"நானா, இத எப்புடிச் செஞ்சீங்க?"

ஹாஷிமின் துக்கம் கண்டியில் உள்ள எல்லா மண்டபக்காரர்களின் துக்கமும்தான். நல்ல நாட்கள் குறைவு. ஒரே நாளில் பகலுக்கு ஒரு கலியாணம், பொழுது சாய்ந்ததும் ஒரு கலியாணம். பகல் கலியாணத்துக்கு வந்தவர்கள் எழுந்திருக்கவேமாட்டார்கள். கடைசிப் பாட்டு என்று அறிவித்தபின் இன்னொரு கடைசிப் பாட்டு கேட்பார்கள். பின்வாசலில் அடுத்த மணமகள் அலங்காரத்தோடு நின்றுகொண்டிருப்பாள். ஹாஷிம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார், குளிரூட்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறார். ஒன்றும் பலிக்கவில்லை. யாகப்பரின் அழுகை பலித்தது.

அன்றிலிருந்து யாகப்பருக்கு ஒரு தனித் தொழில் உண்டானது. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை என்று மண்டபக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். ஹாஷிம் முன்கூட்டியே ஃபோனில் சொல்லிவைப்பார்: "நானா, ஞாயித்துக்கிழம வாற ஆக்கள் லேசுப்பட்டவங்க இல்ல. கொஞ்சம் கனமாவே வாசிங்க." யாகப்பர் கம்பியை வளைத்த மாத்திரத்தில் வெயிட்டர்மார் மேசை விரிப்புகளை மடிக்கத் தொடங்குவார்கள். காவல்காரர் இரண்டு கதவுகளையும் விரியத் திறப்பார். மணமக்களின் டிரைவர் காரை ஸ்டார்ட் பண்ணுவார். கடைசி மனிதரும் வாசலைத் தாண்டியதும் ஹாஷிம் மெயின் சுவிட்சை இறக்குவார். யாகப்பரின் இசை அத்தோடு நின்றுபோகும்.

அப்படிப் பார்த்தால் இலங்கையிலேயே அதிகம் பேர் முன்னிலையில் ப்ளூஸ் வாசித்தவர் யாகப்பராகத்தான் இருப்பார். ஒருவர்கூட உட்கார்ந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். பேண்டில் டிரம்ஸ் அடிக்கும் ரமேஸ் இதை ஒரு பெரிய பெருமையாக எடுத்துக்கொள்வான். "அண்ணே, பொலிஸ் வந்தாலும் இவ்வளவு வெரசா ஆளுங்க போகமாட்டாங்க." யாகப்பர் சிரிப்பார். வீட்டுக்கு வந்து கிட்டாரைத் துடைத்து அலுமாரிக்கு மேலே வைக்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மகள் அஷ்வினிக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை கிஷான், ஹட்டன் பக்கம். நல்ல பையன், நல்ல குடும்பம். ஹாஷிம் தன் மண்டபத்தையே கொடுத்தார். இத்தனை வருஷம் ஆட்களை வெளியேற்றிக் கொடுத்ததற்கு அவருடைய நன்றி அது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அந்திக்கு இன்னொரு கலியாணம் இரிக்கு நானா. நேரத்துக்குக் காலியாகணும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "ஒங்களுக்குப் போய் இத சொல்றனே."

அன்று இரவுச் சாப்பாட்டில் யாகப்பர் மெல்ல ஆரம்பித்தார்.

"அஷ்வினி கலியாணத்துல நான் வாசிக்கலாம்னு இருக்கேன்."

"வாசிங்க," என்றாள் தெரேசா. "நல்ல பைலாவா வாசிங்க."

"பைலா இல்ல. என்னோட உருப்படி."

தெரேசா கறிக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். "அந்த அழுகையா?"

"ம்."

"இந்தா பாருங்க, சம்பந்தி ஆளுங்க ஹட்டன்லருந்து பஸ் புடிச்சு வர்றாங்க. வந்தவங்கள வெளிய போங்கன்னு சொல்லப் போறீங்களா?"

"நான் எங்க போகச் சொன்னேன்?"

"நீங்க சொல்லவேண்டாம். ஒங்க கிட்டார் சொல்லும். ஊரு ஒலகத்துக்கே தெரியும், தெரியாதது ஒங்களுக்கு மட்டுந்தான்."

அஷ்வினி இருவரையும் பார்த்தாள். "அம்மா, அப்பா வாசிக்கட்டும். ஆனா அப்பா, எல்லாரும் எந்திரிச்சுப் போனா ஒங்க மொகம் எப்பிடியாகும்னு எனக்குத் தெரியும். என் கலியாணத்தன்னைக்கு அந்த மொகத்தப் பாக்க எனக்கு ஏலாது."

யாகப்பர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கை தட்டச் சொல்லல. ஆடச் சொல்லல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, யாராவது ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் இருந்து கேக்கணும். அது நல்லாயில்லன்னு சொன்னாலும் பரவாயில்ல. இப்ப அது நல்லாயிருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாதே."

தெரேசா பாத்திரங்களை வழக்கத்தைவிட அதிகச் சத்தத்தோடு கழுவினாள்.

கலியாணத்துக்கு முந்திய வாரம் கேக் வந்தது. கலியாண கேக்கை இங்கே விருந்து மேசையில் வைப்பதில்லை. சின்னத் துண்டுகளாக வெட்டி, கடதாசி சுற்றி, கைக்கடக்கமான பெட்டிகளில் அடைத்து, எல்லாம் முடியும் தறுவாயில் தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். கேக் பெட்டி வாங்காமல் கலியாண வீட்டை விட்டு வெளியேறிய மனிதர் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. தனக்கு ஒன்று, சுகமில்லாமல் வீட்டில் படுத்திருக்கும் மாமாவுக்கு ஒன்று, அழைப்பில்லாத பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்று என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்கள். தெரேசா பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"இங்க வாங்க," என்று கூப்பிட்டாள்.

யாகப்பர் வந்தார்.

"நீங்க வாசிங்க. எந்திரிக்கிறவங்க எந்திரிக்கட்டும், வாசலுக்கு வரட்டும். வாசல்ல நான் நிப்பேன். நீங்க முடிக்கிற வரைக்கும் ஒரு பெட்டி என் கைய விட்டுப் போகாது."

கலியாணமான நாளிலிருந்து தன் வாசிப்புக்காகத் தெரேசா செய்யப்போகிற முதல் காரியம் இது என்பது யாகப்பருக்கு உறைக்கச் சற்று நேரம் எடுத்தது. அவர் உட்கார்ந்து மிச்சப் பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டினார். எல்லாம் கோணலாக வந்தன. தெரேசா அவர் எழுந்து போனபின் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. கோயிலில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தார்கள். ஹட்டன்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அதைவிட நன்றாக ஆடினார்கள். கிஷான்கூடத் தன் மாமாமாரோடு சேர்ந்து பைலா ஆடி வியர்த்துப்போனான். பகல் சாயத் தொடங்கியபோது ஹாஷிம் மண்டபத்தின் ஓரத்திலிருந்து கையைத் தூக்கி மணிக்கூட்டைக் காட்டினார். யாகப்பர் பெண்ணின் தகப்பனுக்குரிய கோட்டோடும் பூவோடும் மேடையேறிக் கிட்டாரை மாட்டிக்கொண்டார். வாசலைப் பார்த்தார். தெரேசா கதவுகளைச் சாத்திவிட்டு, துணி மூடிய பெரிய தட்டோடு நடுவில் நின்றாள். இவரைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினாள்.

அவர் தொடங்கினார்.

முதல் கம்பி வளைந்ததுமே வெயிட்டர்மார் மேசை விரிப்புகளை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சம்பந்திகள் எழுந்தார்கள். அஷ்வினியின் சிநேகிதிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். மண்டபம் முழுவதும் வாசலுக்கு நகர்ந்தது. நகர்ந்து, தெரேசாவின் தட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றது.

"என்னாங்க, கேக் இல்லையா?" என்று முன்னால் நின்ற கிஷானின் மாமா ஒருவர் கேட்டார்.

"இருக்கு. அவரு முடிக்கட்டும்."

"எவரு?"

"அவருதான். வாசிக்கிறாரில்ல?"

மாமா திரும்பி மேடையைப் பார்த்தார். அவர் பார்த்ததைப் பார்த்து அவருக்குப் பின்னால் நின்றவரும் திரும்பினார். முதுகுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக யாகப்பருக்கு முகங்கள் தெரிந்தன. விரல்கள் தன்பாட்டில் ஓடின. மரஆலை முனகியது, மழை பெய்தது, பாட்டு ஒரு சுற்றுச் சுற்றி மேலேறி இறங்கி வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

வழக்கமாக மண்டபம் காலியாகும் இடத்தைப் பாட்டு நெருங்கியது. மண்டபம் காலியாகவில்லை. யாகப்பர் இன்னொரு சுற்று வாசித்தார். அப்போதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. அந்த உருப்படிக்கு முடிவு என்று ஒன்று இல்லை. வீட்டில் தேங்காய் துருவக் கூப்பிட்டால் நிற்கும். மண்டபத்தில் மெயின் சுவிட்சை இறக்கினால் நிற்கும். தானாக அது எங்கே, எப்படி நிற்கும் என்பதை அவர் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

ரமேஸ் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். "அண்ணே, எப்ப முடியும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"இது இன்னும் முடிஞ்சதே இல்லடா."

ரமேஸ் தட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

யாகப்பர் தெரேசாவைப் பார்த்துத் தாடையால் தட்டைக் காட்டினார். கேக்கைக் கொடுத்துவிடு, அவர்கள் போகட்டும், நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம். யாரையும் விடாதே, நான் இன்னும் வாசிக்கப்போகிறேன் என்று தெரேசா எடுத்துக்கொண்டாள். பெரிய மனசோடு தலையாட்டிவிட்டுத் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். முடியும்வரை கேக் இல்லை. கேக் கிடைக்கும்வரை முடிவில்லை. கண்டிப் பக்கத்தில் எத்தனையோ கலியாணம் நடந்திருக்கிறது, இப்படி ஒரு சிக்கல் ஒன்றிலும் வந்திருக்காது.

ஹாஷிம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். நெற்றியில் வியர்வை. "அக்கா, அடுத்த மணப்பொண்ணு வந்து போர்ட்டிக்கோவுல நிக்குது. நான் மெயின் சுவிட்ச எறக்குறன்."

"கைய வச்சுப் பாருங்க," என்றாள் தெரேசா. "ஒங்க மண்டபத்த இத்தன வருஷம் கூட்டிப் பெருக்குன மாதிரி காலி பண்ணித் தந்தாரில்ல? இன்னைக்கு ஒரு நாளு இருந்து கேளுங்க."

ஹாஷிம் சுவரோடு சாய்ந்து நின்று கேட்கத் தொடங்கினார். யாகப்பருக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் அத்தோடு போனது.

ஒருமுறை அவர் நிறுத்தியும் பார்த்தார். கை கம்பியை விட்டு எழுந்தது. வரிசை ஆவென்று நிமிர்ந்தது, தெரேசா துணியை விலக்கப் போனாள். அதற்குள் விரல் பழக்கதோஷத்தில் மறுபடி கம்பிக்கு இறங்கி இன்னொரு சுற்றைத் தொடங்கிவிட்டது. வரிசையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. துணி மூடிக்கொண்டது. ஒரு பிள்ளை கேக் கேட்டு அழுதது. மணமகள் அஷ்வினி முதலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு சிரித்துக்கொண்டே அழுதாள்.

கடைசியில் யாகப்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு சுற்றின் நட்டநடுவில், கையைக் கிட்டாரிலிருந்து எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். பாட்டு அப்படியே நின்றது. ரமேஸ் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவனும் நின்றான்.

அடுத்த கணம் தெரேசா துணியை விலக்கினாள். யாரும் கைதட்டவில்லை, எல்லோருடைய கையும் கேக் பெட்டிக்கு நீண்டிருந்தது. கதவு திறந்தது. ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. அஷ்வினி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். "நான் கடைசி வரைக்கும் கேட்டேன்பா," என்றாள். "நீ கேட்டியா, சிரிச்சியா?" என்றார் யாகப்பர். "ரெண்டும்" என்று சொல்லிவிட்டு அவள் காருக்குப் போனாள்.

யாகப்பர் கிட்டாரைக் கழற்றும்போதுதான் கவனித்தார். காலியான கதிரைகளுக்கு நடுவே ஒரு கதிரையில் ஆள் இருந்தது. கிஷான் வீட்டோடு இருக்கும் பெரியம்மா மெட்டில்டா. பருத்த உடம்பு, பச்சைப் பட்டு, கையில் ஊன்றுகோல். மூட்டு வலியால் வரிசையில் நிற்க முடியாமல் தொடக்கத்திலிருந்து இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறார்.

"சம்பந்தி, இங்க வாங்க," என்று ஊன்றுகோலால் கூப்பிட்டார்.

யாகப்பர் போய் முன்னால் நின்றார்.

"நடுவுல நல்லாப் போச்சு. ரெண்டாவது தடவ மேல போயி, எறங்க மனசில்லாம எறங்குனீங்களே, அது எனக்கு நெஞ்சப் புடிச்சிச்சு. ஆரம்பம் கொஞ்சம் இழுவை. அதையும் விடுவோம்." மெட்டில்டா மூச்சு வாங்கினார். "ஆனா அது என்ன முடிவு? ஓடுற பஸ்லருந்து ஆளத் தள்ளிவிட்ட மாதிரி."

இத்தனை வருஷத்தில் யாகப்பருடைய இசையைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் குறை அது. கிட்டாரின் சுருதியைப் பற்றியது அல்ல. இசையைப் பற்றியது. தொடக்கம், நடு, முடிவு என்று பிரித்துச் சொன்ன குறை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முடிவு இன்னும் செய்யலைங்க," என்றார்.

"அப்ப செஞ்சுட்டு வாங்க. நான் வீட்டுலதான் இருப்பேன். இந்த மூட்ட வச்சுக்கிட்டு எந்திரிச்சு எங்க போகப் போறேன்?"

அதற்குப் பிறகு கெலிஓயா வீட்டில் தெரேசா பட்டபாடு சொல்லிமாளாது. முன்பு ஒரு அழுகைதான் இருந்தது. இப்போது அழுகைக்கு விதவிதமான முடிவுகள் வந்தன. தேங்காய் துருவக் கூப்பிட்டால் "இரு, முடிச்சுட்டு வர்றேன்" என்று பதில் வந்தது. முடித்துவிட்டு வந்து, "இப்ப எப்படி?" என்று கேட்டார். "நின்னுச்சு, அது போதும்" என்றாள் தெரேசா. மரஆலையில் மதிய வேளையில் கதிரைக் காலைத் தட்டிக்கொண்டு முணுமுணுத்தார். ரமேஸிடம் ஃபோனில் வாயாலேயே வாசித்துக் காட்டினார்.

மகளைப் பார்க்க ஹட்டனுக்குப் போகும் நாள் வந்தது. முறைப்படி பலகாரக் கூடையோடு தெரேசா புறப்பட்டாள். யாகப்பர் ஒரு தோளில் கிட்டாரும் மறு கையில் ஆம்ப்ளிஃபயருமாக வந்து நின்றார்.

"சம்பந்தி வீட்டுக்குப் போறது புள்ளையப் பாக்கவா, இல்ல கச்சேரிக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

பேராதனைச் சந்தியில் ரயிலேறி, கூட்டத்தில் ஆம்ப்ளிஃபயர் மேலேயே தெரேசாவை உட்காரவைத்துக் கொண்டுபோனார். ஹட்டனில் அஷ்வினியும் கிஷானும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். வீட்டில் மெட்டில்டா முன் அறையில் பெரிய கதிரையில், காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அஷ்வினி தேத்தண்ணி கொண்டுவரப் போனாள்.

"அது பெறகு," என்றார் மெட்டில்டா. "மொதல்ல அவரு வாசிக்கட்டும்."

யாகப்பர் பிளக்கைச் செருகினார். தெரேசா பலகாரக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, மெட்டில்டாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். அவர் தொடக்கத்திலிருந்து வாசித்தார். இழுவை என்று சொல்லப்பட்ட இடத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தார். மேலேறி, இறங்க மனமில்லாமல் இறங்கி, சுற்றி வந்து, கடைசியில் ஒரு கம்பியை வளைத்து, அது நேராகும்வரை பொறுத்திருந்து, மெல்லக் கையை எடுத்தார்.

மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். குசினியில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"பரவாயில்ல," என்றார் மெட்டில்டா. "வேற முடிவு ஏதும் கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்குங்க. ஆனா அதக் கேக்குறதுக்கு மறுபடி மொதல்லருந்து போகணும்."

"போங்க," என்றார் மெட்டில்டா, காலை முக்காலியில் வசதியாக நகர்த்திக்கொண்டு.

யாகப்பர் திரும்பித் தெரேசாவைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.